காற்றில் நீர் இறைத்தல்

விடிந்தும் விடியாத நேரம். மொட்டை மாடியில் நின்றபடி நண்பன் கண்ணுக்குத் தெரியாத எதையோ இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தான். பாயில் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்திருக்க, குதிகால் மெல்ல எழும்பியது. பிறகு எல்லாம் அதே நிதானத்தில் கீழே இறங்கியது. அடுத்து, கால்களை அகட்டி வைத்து, இல்லாத ஒரு வில்லை இடது பக்கமாக இழுத்தான். பின்பு வலது பக்கம்.

மல்லாங்கிணற்றில் அவன் வீடு. சென்னையிலிருந்து நான்கு நாள் விடுமுறையில் வந்திருந்தான். நானும் ஊர்ப்பக்கம் ஒரு வேலையாகப் போனவன், இரவு அவனோடு தங்கிவிட்டேன். கரிசல்காட்டுக் கோடையில் மொட்டை மாடியை விட நல்ல படுக்கையறை கிடையாது.

மல்லி காயப்போடுவதற்காகச் சாக்கை இழுத்துக்கொண்டு அவனுடைய அத்தை படியேறி வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னய்யா இது, தண்ணியில்லாத கெணத்துல எறைக்கிற மாதிரி இருக்கு?"

"சைனாக்காரன் வைத்தியம் அத்தை. கழுத்து வலிக்கு."

"அவனும் தண்ணிக்கு அலைஞ்சிருப்பான் போல" என்றபடி அத்தை மல்லியைப் பரப்பத் தொடங்கினார்.

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அத்தை மல்லியைப் பரப்புவதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர் குனியவே இல்லை. குனிய வேண்டிய அவசியமே இல்லாதபடி அவரது முதுகு ஏற்கெனவே வளைந்திருந்தது. நாற்பது வருஷம் களையெடுத்து, பருத்தி எடுத்து, மிளகாய் பறித்து வளைந்த முதுகு. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால்கூட அவர் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரே மாடியில் இரண்டு வளைந்த முதுகுகள். ஒன்று நாற்காலியில் வளைந்தது. இன்னொன்று காட்டில் வளைந்தது. ஒன்றுக்கு உடற்பயிற்சி இருக்கிறது. மற்றதற்கு?

இந்தக் கேள்வி பல நாட்களாக என்னோடு இருக்கிறது.

*

நண்பனின் அப்பா விருதுநகரில் ஒரு கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மல்லி, மிளகாய் வத்தல், பருப்பு வியாபாரம். காலையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் சாய்வு மேசையை இழுத்து வைத்துக்கொண்டால் கடை சாத்தும் வரை பேரேடுதான். சின்ன வயதில் அவரைப் பார்த்திருக்கிறேன். முதலாளி வரும்போது எழுந்து நிற்பார். தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கக்கத்துக்குப் போய்விடும். முதலாளி உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் குனிவு அவரிடம் மிச்சம் இருக்கும்.

மகனிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "யாருக்கும் குனியாத வேலைக்குப் போ."

மகன் படித்தான். சாஃப்ட்வேர் வேலை. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம், குளிர்சாதன அறை, சுழலும் நாற்காலி. அங்கே யாரும் யார் முன்னாலும் துண்டைக் கக்கத்தில் வைப்பதில்லை. மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அப்பா ஒருமுறை சென்னைக்கு வந்து, அந்தக் கட்டடத்தை வெளியே ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திருப்தியோடு ஊருக்குத் திரும்பினார்.

பதினைந்து வருஷம் கழித்து மகனுக்குக் கழுத்தில் பட்டை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, "தலை முன்னாடி வந்திருக்கு, தோள் சுருண்டிருக்கு, எந்நேரமும் குனிஞ்சே இருப்பீங்களா?" என்று கேட்டாராம்.

"அந்தக் கேள்வியை அப்பா கேட்ட மாதிரி இருந்துச்சுடா" என்றான் நண்பன். "யாருக்கும் குனியலை. ஆனா குனிஞ்சுதான் இருந்திருக்கேன்."

உட்கார்ந்து எழுதுகிறவர்களின் நோவு புதியதல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூலை வெளியிட்டார். 1713இல் அதை விரிவாக்கினார். கணக்கெழுதுகிறவர்கள், நகலெழுதுகிறவர்களின் நோவுக்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்று மனது இறுகிக் கிடப்பது. மூன்றாவது காரணத்தை ஒரு மருத்துவர் முந்நூறு வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதுகு வளைவதில் நாற்காலிக்கு இருக்கும் பங்கு பயத்துக்கும் இருக்கிறது.

*

நண்பனை அவனுடைய நிறுவனம் இரண்டு வருஷம் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தது. குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தினமும் காலையில் பத்துப் பதினைந்து முதியவர்கள் கூடி, மெதுவாகக் கையைக் காலை அசைத்துக்கொண்டிருப்பார்கள். கழுத்துப் பட்டையோடு இவன் கடந்து போவதைப் பார்த்து, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான ஒரு பெரியவர் கையசைத்துக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய். சந்தைத் தமிழில் நாலு வார்த்தை. அதை வைத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அதன் பெயர் பாதுவான்ஜின். எட்டுத் துண்டுப் பட்டு என்று பொருள். சரிகை வேலைப்பாடு உள்ள பட்டை எட்டுத் துண்டாக வைத்தது போல எட்டு அசைவுகள். இரண்டு கைகளாலும் வானத்தைத் தாங்குவது. வில்லை இழுத்துப் பருந்தைக் குறிபார்ப்பது. ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் அழுத்துவது. தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. அரைமண்டியில் நின்று இடுப்பையும் தலையையும் வளைத்து அசைப்பது. குனிந்து பாதத்தைத் தொடுவது. முஷ்டியை இறுக்கிக் கண்ணை உருட்டிப் பார்ப்பது. கடைசியாகக் குதிகாலை உயர்த்தி ஏழு முறை தரையில் இறக்குவது. மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். விரிப்பு வேண்டாம், தனி உடை வேண்டாம். நிற்பதற்கு இடம் இருந்தால் போதும்.

இந்த எட்டில் நாற்காலிக்காரர்களுக்கு நேராக உதவுவது முதல் நான்கு. கீபோர்டு முன்னால் எப்போதும் முன்பக்கமே சுருண்டு கிடக்கும் தோள், வில்லை இழுக்கும்போது பின்பக்கம் திறக்கிறது. திரையை விட்டு அகலாத கழுத்து, பின்னால் திரும்பிப் பார்க்கப் பழகுகிறது.

பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விதி, பத்தில் ஏழு. கை முழுதாக நீளும் என்றால் ஏழு பங்கு நீட்டு. குனிய முடியும் என்றால் ஏழு பங்கு குனி. மிச்ச மூன்றை உடம்புக்கே விட்டுவிடு.

"அதுதான்டா எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது" என்றான் நண்பன். "ஸ்கூல்ல இருந்து நூத்துக்கு நூறுதானே. எழுபது போதும்னு என்கிட்ட சொன்ன முதல் ஆள் அவர்தான்."

*

இந்தப் பயிற்சிகளின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது, ஒரு விஷயம் என்னைப் புன்னகைக்க வைத்தது. பாதுவான்ஜின் என்ற பெயர் வரும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹோங் மாய் என்பவர் தொகுத்த விநோதக் கதைகளின் நூலில் இருக்கிறது. 1117ஆம் ஆண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தக் குறிப்பின்படி, நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, மூச்சை ஒழுங்குசெய்து, உடம்பைத் தேய்த்துவிட்டு இந்தப் பயிற்சியைச் செய்தவர் துறவியோ வீரரோ இல்லை. அரசரின் அன்றாட நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் அரண்மனை அதிகாரி. அதாவது, பகல் முழுக்க உட்கார்ந்து எழுதுகிற ஆள். நம் கணக்குப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன்.

இந்த மரபு அதற்கும் வெகு முந்தையது. சீனாவின் சாங்ஷா நகரத்தில், மாவாங்துய் என்ற இடத்தில் கிமு 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973இல் திறந்தார்கள். உள்ளே ஒரு பட்டுத் துணி. அதில் நாற்பத்து நான்கு மனிதர்கள், ஆணும் பெண்ணுமாக, கையை நீட்டி, குனிந்து, திரும்பி, பறவை போலவும் கரடி போலவும் நிற்கிறார்கள். 'தாவோயின்' என்று இந்தக் கலைக்குப் பெயர். உடம்பை இழுத்து, மூச்சுக்கு வழிகாட்டுவது. தாவோ வழியைப் பின்பற்றியவர்கள் இதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டு வளர்த்தார்கள்.

பட்டு என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு அருப்புக்கோட்டையின் தறிச் சத்தம் கேட்கும். அங்கே நெய்வது பருத்தி. ஆனாலும் தறி தறிதான். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க மிதித்து, குனிந்து இழை கோத்தவர்களின் முதுகை அந்தத் தெருக்களில் பார்த்திருக்கிறேன். பட்டைப் பார்த்தவருக்கு உடற்பயிற்சி நினைவுக்கு வருகிறது. பட்டை நெய்தவருக்கு என்ன நினைவுக்கு வந்திருக்கும்?

காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர்தான் சீனர்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார் என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு அந்தப் பெருமை இன்னும் கூடியது. போதிதர்மர் பெயரில் சொல்லப்படும் தசைப் பயிற்சி நூல், அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தையது, பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. மாவாங்துய் பட்டுத் துணியோ அவருக்கும் ஆறேழு நூற்றாண்டு முந்தையது. நம்மிடம் திருமூலர் இருக்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். அவர்களிடம் அவர்களுடையது இருக்கிறது. முதுகு வலி எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. அதனால் மருந்தும் எல்லா ஊரிலும் பிறந்திருக்கிறது.

*

சீனர்களின் பழைய வரலாற்று நூலில் ஹுவா துவோ என்றொரு மருத்துவர் வருகிறார். இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்தவர். புலி, மான், கரடி, குரங்கு, பறவை என்ற ஐந்து உயிர்களின் அசைவுகளை வைத்து ஒரு பயிற்சியை உருவாக்கியவர் என்று அவரைச் சொல்கிறார்கள். அடிக்கடி திறந்து மூடுகிற கதவின் கீல் உளுத்துப்போவதில்லை, உடம்பும் அப்படித்தான் என்று தன் சீடன் வூ பூவுக்கு விளக்கினாராம்.

அந்தக் காலத்தில் பெரும் அதிகாரத்தில் இருந்தவர் சாவ் சாவ். அவருக்குத் தீராத தலைவலி. ஹுவா துவோ ஊசி வைத்தால் வலி நின்றுவிடும். அதனால் மருத்துவரைத் தன் பக்கத்திலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். மருத்துவருக்கோ அது பிடிக்கவில்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊருக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. பல முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. பொய் என்று தெரிந்ததும் பிடித்து வந்து சிறையில் அடைத்து, கொன்றுவிட்டார்கள். 208ஆம் ஆண்டுவாக்கில் நடந்தது இது.

சாவதற்கு முன்னால் தன் மருத்துவச் சுவடியைச் சிறைக்காவலரிடம் கொடுத்திருக்கிறார். காவலர் பயந்துபோய் வாங்க மறுத்துவிட்டார். ஹுவா துவோ வற்புறுத்தவில்லை. நெருப்பைக் கேட்டு வாங்கி, அதை எரித்துவிட்டார்.

சுவடி போய்விட்டது. ஆனால் சீடன் வூ பூ தொண்ணூறு வயதைத் தாண்டி, காது கேட்க, கண் தெரிய, பல் விழாமல் வாழ்ந்ததாக அதே நூல் சொல்கிறது. ஏட்டில் இருந்தது எரிந்தது. உடம்பில் இருந்தது பிழைத்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உடம்பைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரை அதிகாரம் எப்போதும் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே விரும்பும். தலைவலி தீர்ந்தால்தானே மறுநாள் படையெடுக்க முடியும்!

இன்றைக்கும் அதுதான் நடக்கிறது என்று நண்பன் சொன்னான்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பிறகு, அவன் பயிற்சி செய்வது அலுவலகத்தில் தெரிந்துவிட்டது. மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். எல்லோருக்கும் சொல்லிக்கொடு என்றார். தினம் பத்து நிமிஷம் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று இருபது பேர் வானத்தைத் தாங்கினார்கள். முதல் மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு படிவம் வந்தது. யார் யார் செய்தார்கள், எத்தனை நாள் செய்தார்கள், வலி எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று நிரப்ப வேண்டும். அடுத்து, அந்தப் பத்து நிமிஷத்தைச் சாயங்காலம் கூடுதலாக இருந்து ஈடுகட்ட வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். வேலையை முடிக்க முடியாமல் தாமதித்த ஒரு பெண்ணிடம், "எக்ஸர்சைஸ் எல்லாம் செய்யிறீங்களே, இன்னும் என்ன முதுகு வலி?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அன்னைக்கு நிறுத்திட்டேன்டா" என்றான். "வலி என் தப்புங்கிற மாதிரி ஆயிடுச்சு. பத்து மணி நேரம் உட்கார வெச்சது யாருங்கிற கேள்வியே காணாமப் போயிடுச்சு."

நான் யோசித்துப் பார்த்தேன். அரசாங்கங்களும் நிறுவனங்களும் மக்களை உடற்பயிற்சி செய்யச் சொல்வது புதிது இல்லை. ஜப்பானில் 1928இல் வானொலி உடற்பயிற்சி தொடங்கியது. சீனாவில் 1951இல். அதே சீனாவின் விளையாட்டுத் துறை 2003இல் பாதுவான்ஜினையும் ஐந்து விலங்குப் பயிற்சியையும் வரையறுத்து, ஒரே மாதிரியாக ஆக்கி வெளியிட்டது. நம் ஆயுஷ் அமைச்சகம் 2021இல் அலுவலக ஊழியர்களுக்காக ஐந்து நிமிட யோகா இடைவேளையைச் செல்போன் செயலியாகவே கொண்டுவந்தது. இவற்றால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கானவர்கள் கொஞ்சமாவது அசைந்திருக்கிறார்கள். ஆனால், எதற்காக நிமிரச் சொல்கிறார்கள் என்ற கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம்முடைய ஆரோக்கியத்துக்காகவா, மறுபடி குனிந்து இன்னும் கொஞ்ச நேரம் வேலை பார்ப்பதற்காகவா?

இதே சந்தேகம் தாவோ ஞானிகளுக்கே இருந்திருக்கிறது. சுவாங்சு பெயரில் உள்ள நூலில், கரடி போலத் தொங்கி, பறவை போலக் கழுத்தை நீட்டி, மூச்சை இழுத்து விட்டு, நீண்ட ஆயுளுக்காகப் பாடுபடுகிறவர்களைப் பற்றி லேசான கிண்டலோடு ஓர் இடம் வருகிறது. இத்தனை பிரயத்தனம் இல்லாமலே நீண்டு வாழ்கிறவன்தான் உண்மையான ஞானி என்கிறது அந்த நூல். அதே நூலில் வேறோரிடத்தில், உட்கார்ந்தபடியே தன்னை மறப்பது என்ற நிலையும் பேசப்படுகிறது. ஆக, உட்காருவது அவர்களுக்கு எதிரி இல்லை.

நமக்கும்தான். மல்லாங்கிணற்றிலிருந்து திருச்சுழி தூரம் இல்லை. 1879இல் அங்கே பிறந்த ஒரு பையன் திருவண்ணாமலைக்குப் போய், பாதாள லிங்கத்தின் இருட்டில், பூச்சிகள் தொடையை அரித்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தான். ரமண மகரிஷியின் வாழ்க்கையே உட்கார்ந்திருப்பதுதான் என்று நினைக்கிறோம். ஆனால் அவர் தினமும் மலையில் நடந்தார், விடிவதற்கு முன்னால் சமையல்கட்டில் உட்கார்ந்து காய்கறி நறுக்கினார். அவரை யாரும் உட்கார வைக்கவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை. உட்காருவதிலும் நடப்பதிலும் இருக்கும் வித்தியாசம், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

*

அதனால்தான் உட்கார்ந்து உட்கார்ந்து நோவு வந்தவர்களைப் பற்றி எழுதும்போது, உட்கார முடியாதவர்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் சென்னையில் துணிக்கடைகளுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். காலையிலிருந்து இரவு வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. காலில் நரம்பு சுருண்டு முடிச்சு முடிச்சாகப் புடைத்த பிள்ளைகளைத் திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போது பார்க்கலாம். விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2010இல் எடுத்த 'அங்காடித் தெரு' அந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல வருஷம் போராடியதன் பலனாக 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021இல், 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள்.

உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! எழுந்து நிற்பதற்கும் ஒருநாள் தேவைப்படலாம்.

ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சீன மருத்துவ நூல் ஒன்று ஐந்து களைப்புகளைச் சொல்கிறது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது, படுத்திருப்பது, உட்கார்ந்திருப்பது, நிற்பது, நடப்பது. ஐந்தும் உடம்பின் ஒவ்வொரு பாகத்தைக் கெடுக்குமாம். இதில் நல்லது கெட்டது என்று எதையும் அது பிரிக்கவில்லை. எதுவானாலும் நெடுநேரம் என்பதுதான் நோய். இன்றைய மருத்துவர்கள் பலரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள். சரியான உட்காரும் முறை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், மாற்றிக்கொண்டே இருங்கள் என்கிறார்கள்.

நெடுநேரம் என்பதை நாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. களையெடுக்கும் பெண்ணுக்கு வரப்பின் மேல் நிற்பவர் தேர்ந்தெடுத்தார். கணக்குப்பிள்ளைக்கு முதலாளி. நண்பனுக்கு எந்தத் தேசத்திலோ இருக்கும் வாடிக்கையாளர். எனக்கும்கூட, இதழ் அச்சுக்குப் போகும் நாள் தேர்ந்தெடுக்கிறது. இதை எழுதும்போதே என் தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

அப்படியானால் பயிற்சி வீணா? நண்பன் அலுவலகத்தில் நிறுத்திவிட்டானே தவிர, வீட்டில் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"வலி குறைஞ்சுதா இல்லையான்னு இப்பல்லாம் பார்க்கறதில்லை. குறைஞ்சுதான் இருக்கு. ஆனா அதுக்காகச் செய்யலை. ஒரு நாள்ல இந்தப் பத்து நிமிஷம் மட்டும்தான் நான் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்."

செய்யாமல் செய்வது என்று தாவோ மரபு சொல்வதைப் புத்தகங்களில் பல தடவை படித்துப் புரியாமல் விட்டிருக்கிறேன். அவன் சொன்னபோது கொஞ்சம் பிடிபட்டது. பலனை யாருக்கும் ஒப்படைக்க வேண்டியில்லாத ஒரு செயல். கை உயர்கிறது, இறங்குகிறது. அவ்வளவுதான். எந்தப் பேரேட்டிலும் அது வரவாக எழுதப்படுவதில்லை.

*

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் நடந்து போனோம். ஊர்ப் பெயரிலேயே கிணறு இருக்கிறது. ஆனால் நாங்கள் பார்த்த கிணற்றில் தண்ணீர் இல்லை. உள்ளே சீமைக்கருவேல் முளைத்து, அதன் தலை கிணற்றுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கப்பி தொங்கிய கல் தூண்களில் கயிறு உராய்ந்த தடம் ஆழமாக இருந்தது. கல்லையே அறுத்த கயிறு என்றால், அதை இழுத்த கைகளை என்ன செய்திருக்கும்!

அத்தையும் பின்னால் வந்திருந்தார். தூணைத் தடவிப் பார்த்தார்.

"எத்தனை வாளி எறைச்சிருப்பேன்னு கணக்கே கெடையாது. எங்க வீட்டுக்கு ரெண்டு கொடம். மிச்சமெல்லாம் தோட்டத்துக்காரர் வீட்டு மாட்டுக்கும் அவுக வீட்டு விசேசத்துக்கும்தான்."

நண்பன் திடீரென்று, "எப்படி எறைப்பீங்க, காட்டுங்க அத்தை" என்றான்.

"போய்யா, கிறுக்கா."

ஆனாலும் அத்தை கிணற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார். பாதங்களை அகட்டி வைத்தார். முழங்கால் லேசாக மடங்கியது. இல்லாத கயிற்றை ஒரு கையால் பற்றி இழுத்தார். அடுத்த கை அதற்கு மேல் போய்ப் பற்றியது. இழுக்கும்போது மூச்சு வெளியே போனது. கை மாறும்போது உள்ளே வந்தது. யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நண்பன் வாயடைத்து நின்றான். சிங்கப்பூர்ப் பெரியவர் அவனுக்கு மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். தோளில் இறுக்கம் இல்லை, பலம் இடுப்பிலிருந்து வருகிறது, மூச்சும் கையும் சேர்ந்து போகின்றன. முதுகு நிமிரவில்லைதான். அது இனி நிமிராது. ஆனால் அந்த வளைவுக்குள்ளேயே ஏதோ ஒன்று நேராக நின்றது.

அத்தை நிறுத்தவே இல்லை. பத்து, பதினைந்து தடவை இழுத்தார். முகத்தில் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நல்லாத்தான்யா இருக்கு. வாளி கனமே தெரியலை."

பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார், அதில் ஈரம் இருப்பது போல.

"இப்பத்தான் முதத் தடவையா எனக்குன்னு எறைக்கிறேன்" என்றார்.

நாங்கள் எதுவும் பேசவில்லை. மூன்று பேரும் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினோம். அத்தையின் நடைக்குத் தகுந்த மாதிரி, மெதுவாக.